ஹவில்தார் நடந்துதான் வருவான்

ஆவடி
2.6.2025

டாக்டர் இஃபத் அவர்களுக்கு,

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து சிவராமன் எழுதுவது. நேற்று உங்கள் மேனாம்பேடு பிஸியோ மையத்திலிருந்து பத்துப் பேர் பார்க்க நீங்கள் வெளியே அனுப்பிய அதே சிவராமன்தான். என் ஷூ இன்னும் காயவில்லை.

டாங்கி செய்யும் ஃபேக்டரியில் வெல்டராகச் சேர்ந்து சார்ஜ்மேன் ஆகியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் மேலதிகாரிகள்கூட என்னை "வெளிய போங்க" என்று சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள். நேரில் வரக்கூடாது, போனும் செய்யக்கூடாது, ஏதாவது சொல்லவேண்டும் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று என் மனைவி பத்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். எழுதுகிறேன். எனக்கென்ன எழுதத் தெரியாதா.

ஹவில்தார் யாரென்று உங்களுக்குத் தெரியவேண்டும். உங்களுக்கு அவன் பின்கால் வராத ஒரு நாட்டு நாய். எங்கள் குவார்ட்டர்ஸில் அவனுக்கு சல்யூட் வைக்காமல் யாரும் கேட்டைத் தாண்டுவதில்லை. குட்டியாக இருந்தபோது வாசலில் செக்யூரிட்டி நடந்தால் பின்னாலேயே அளந்து வைத்ததுபோல நடப்பான், அதனால் வந்த பெயர். சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதியதும் இரண்டாம் மாடியிலிருந்து தானாக இறங்கி கேட்டில் வந்து நிற்பான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவேன், அவன் முன்னால் போவான். மார்ச் மாதம் அப்படி நின்றபோதுதான் ஒரு பைக் அவன் முதுகில் மோதியது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். கால் மட்டும் வரவில்லை. அந்த சர்ஜன் சொன்னது: "பிஸியோ குடுத்துப் பாருங்க. மழைக்காலத்துக்குள்ள எழுந்திரிக்கலன்னா யோசிங்க." என்ன யோசிக்க என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேல் வீட்டு உதயகுமார் சொல்லிவிட்டான். "ஒரு ஊசி போட்டுட்டா அதுக்கும் நிம்மதி சார்." அன்றைக்கு மாடிப்படியில் எல்லார் முன்னாலும் சொன்னேன், ஹவில்தார் இந்த கேட்டுக்குள் நடந்துதான் வருவான் என்று. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவனை உங்கள் மையத்தில் தங்கவிட்டேன். நீங்கள் என்னையே வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு. உங்கள் வீட்டில் நாய் என்றால் ஆகாது என்பார்களே, நீங்கள் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்?

பதில் எதிர்பார்க்கிறேன்.
ஆ. சிவராமன்

*

மேனாம்பேடு
4.6.2025

மதிப்பிற்குரிய சிவராமன் சார்,

உங்கள் கடிதத்தை, பத்மா அம்மா ஹவில்தாருக்கு அனுப்பும் சோற்றுத் தூக்கோடு ஆட்டோக்காரர் குணசேகரன் கொண்டுவந்து கொடுத்தார். ஷூவுக்காக வருந்துகிறேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கச் சொன்னது நான் இல்லை.

அன்று நடந்ததை நீங்கள் பார்த்த விதம் வேறு, நான் பார்த்த விதம் வேறு. அந்தத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஒரு பட்டை ஓடும். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் பலமில்லாத காலும் கொஞ்சம் அடியெடுக்கும். ஹவில்தார் முதல்முறையாக இடது பின்காலை ஊன்றினான். ஊன்றிய நேரத்தில் நீங்கள் கண்ணாடிக்கு வெளியே "ஐயோ கண்ணா" என்றீர்கள். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தான், முனகினான், கால் இரண்டையும் விட்டுவிட்டு மிதந்தான். நீங்கள் குதித்துத் தூக்கிக்கொண்டீர்கள். அதைத்தான் அவன் எதிர்பார்த்தான்.

மார்ச்சிலிருந்து நீங்கள் அவனை மாடிக்கும் கீழுக்கும் தூக்கிச் சுமந்திருக்கிறீர்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் உங்களைப் பார்த்தால் கால்களுக்கு லீவு கொடுத்துவிடுகிறான். போனும் அப்படித்தான். போன வாரம் ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டதும் போனைச் சுற்றிப் படுத்துக்கொண்டான், மாலை வரைக்கும் எழவில்லை. வீடியோ அனுப்பினேன். அதில் அவன் சறுக்கியதைப் பார்த்துவிட்டு ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். கடிதம்தான் சரி. போனில் நீங்கள் அழுகிறீர்கள், காகிதத்தில் சண்டை போடுகிறீர்கள். சண்டை எனக்கு வசதி.

உங்கள் இன்னொரு கேள்வி. கோபமில்லை, எல்லாரும் கேட்பதுதான், பெரும்பாலோர் என் முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். மையத்துக்கு ஓர் உடுப்பு, வீட்டுக்கு ஓர் உடுப்பு வைத்திருக்கிறேன். சுத்தமாகக் கழுவி, மாற்றி, தொழுதுவிட்டுத்தான் பூந்தமல்லிக்குக் கிளம்புவேன். எங்கள் அத்தா ஷவுகத் அலிக்கு அங்கே பாத்திரக் கடை. நான் கால்நடை மருத்துவம் முடித்து இந்தப் பயிற்சியை எடுத்தபோது சொந்தக்காரர்கள் அவரிடம் போய் முறையிட்டார்கள். "வாயில்லாத ஜீவனுக்கு வலிய கொறைக்குது எம் பொண்ணு. இதுல இன்னா தப்பு கீது, சொல்லு" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இப்போது குக்கர் வாங்க வருகிறவர்களிடம்கூட, என் மகள் நாய்க்கெல்லாம் நடை சொல்லிக் கொடுக்கிறாள் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

இன்று ஹவில்தார் நன்றாகச் சாப்பிட்டான். முகப்பேரிலிருந்து வந்த ஒரு பூனையைப் பார்த்து உறுமினான். அடுத்த வாரத்திலிருந்து வண்டிப் பயிற்சி. பின்பாகத்தைத் தாங்கும் சின்ன சக்கர வண்டி. அவன் அளவுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும்.

இஃபத்

*

ஆவடி
12.6.2025

டாக்டரம்மா,

வண்டி கிடையாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அடுத்த பக்கம் படிக்கிறீர்களோ இல்லையோ, இதைப் படித்துவிடுங்கள். குவார்ட்டர்ஸில் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடி ஏற்றும்போது வரிசைக்கு முன்னால் நின்றவன் அவன். அவன் பின்பக்கத்தை ஒரு வண்டியில் கட்டிவைத்து, உதயகுமார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "ப்ச், பாவம்" என்று சொல்ல, அதை நான் கேட்கவேண்டுமா? சர்ஜன் யோசிங்க என்றார், நீங்கள் வண்டி என்கிறீர்கள். வண்டி என்றால் இனி இவ்வளவுதான் என்று அர்த்தம்.

குணசேகரனிடம் கேட்டேன், அவன் எப்படி இருக்கிறான் என்று. "அண்ணாத்தே, உன் நாயி ராஜா கணக்கா படுத்துகினு கீது. அந்த டாக்டரம்மா காலைப் புடிச்சி சைக்கிள் ஓட்ற மாரி சுத்துது. இது கண்ண மூடிகினு அனுபவிக்குது. நீ இன்னாத்துக்கு இங்க பொலம்பற" என்கிறான். எனக்குச் சந்தோஷப்படுவதா பொறாமைப்படுவதா தெரியவில்லை. சாயங்காலம் சங்கு ஊதுகிறது. கேட்டில் யாரும் இல்லை. நானும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

பத்மா உங்கள் கட்சி. "கண்ணாடி போட்டா கண்ணு போச்சுன்னா அர்த்தம்? அவங்க சொல்றத கேளுங்க" என்று இரண்டு நாளாக எனக்குக் காபி கொடுக்காமல் சண்டை. சரி. வண்டி வேண்டும் என்றால் கடை வண்டி வேண்டாம். நான் செய்கிறேன். நாற்பது டன் தாங்குவதற்கு வெல்டு வைத்த கை இது, ஒரு நாயைத் தாங்காதா. அளவு மட்டும் அனுப்புங்கள்.

சிவராமன்

*

மேனாம்பேடு
27.6.2025

சிவராமன் சார்,

வண்டி வந்து சேர்ந்தது. ஆட்டோவிலிருந்து அதை இறக்க குணசேகரனும் நானும் பக்கத்து மெக்கானிக் கடைக்காரரும் சேர வேண்டியிருந்தது.

வேலைப்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். இரும்புக் குழாய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஸ்பிரிங், முன்னால் ஒரு பம்பர், ராணுவப் பச்சையில் பெயிண்ட். ஹவில்தார் என்று வெள்ளை எழுத்து வேறு. ஒன்று மட்டும் கேட்கிறேன். யார் மேலே சார் படையெடுக்கப் போகிறோம்? அது அவனைவிட எடை அதிகம். கட்டிவிட்டதும் முன்காலால் இழுத்துப் பார்த்தான், வண்டி அசையவில்லை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். நியாயமான பார்வை. இப்போது அது எங்கள் வாசலில் செம்பருத்தித் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. புயல் வந்தாலும் நகராது.

நீங்கள் வண்டியை முடிவு என்று நினைக்கிறீர்கள். அது கைப்பிடிச் சுவர் மாதிரி. நிற்கத் தெரிகிறவரைக்கும் பிடித்துக்கொள்வதற்கு. அதற்கு எடையே இருக்கக்கூடாது.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது, மறைப்பதும் சரியில்லை. இரண்டு வாரமாக அவன் முன்னேறவில்லை. பாதம் மடிந்து, மேல்பக்கம் தரையில் உரசுகிறது. நரம்பில் உணர்வு இருக்கிறது, கிள்ளினால் இழுக்கிறான். எழ முடியும் என்றுதான் என் கை சொல்கிறது. எழவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பிஸ்கட் காட்டினால் படுத்தபடியே வாயைத் திறக்கிறான். என்ன செய்தால் அவனுக்குத் தோன்றும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உத்தரவாதம் எதுவும் தரமுடியாது. விட்டுவிடவும் மாட்டேன்.

இஃபத்

*

ஆவடி
1.7.2025

டாக்டரம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். உதயகுமார் படியில் ஏறும்போது "எப்படி சார் இருக்கு?" என்றான். நல்லாத்தான் கேட்டான், குத்தலாக இல்லை. எனக்குத்தான் "நடக்கறான்பா" என்று வாயில் வந்துவிட்டது. பொய் சொல்லிவிட்டேன். அதை நீங்கள்தான் உண்மையாக்கவேண்டும்.

பத்மா துணி காயப்போட வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்து அறுத்தாள். குழாயை இணைக்கிற எல்போ, டீ எல்லாம் மாட்டி, அவளுடைய பழைய நைட்டியை மடித்துத் தைத்து இடுப்புக்கு மெத்தை வைத்தாள். சக்கரம், மேனாம்பேடு பக்கம் பழைய சாமான் கடையில் ஒரு பொம்மை வண்டியிலிருந்து கழற்றியது. ஒரு விரலால் தூக்கிக் காட்டினாள். "நாப்பது டன்னு நாப்பது டன்னுன்னு சொன்னீங்களே" என்றாள். நான் வெல்டிங் எதுவும் செய்யவில்லை, சக்கரத்துக்கு எண்ணெய் மட்டும் போட்டேன். என் பெண்டாட்டி செய்த வண்டி இது. பெயிண்டும் அடிக்கவில்லை. பொருந்துகிறதா சொல்லுங்கள்.

வீட்டில் மொசைக் தரை வழுக்கும் என்று பத்மாவிடம் சொன்னீர்களாம். ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும் ரப்பர் பாய் ஒட்டிவிட்டேன். அவன் வருவான் என்று ஒட்டியிருக்கிறேன்.

சிவராமன்

*

மேனாம்பேடு
9.7.2025

சிவராமன் சார்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நல்ல செய்திதான்.

முதலில் வண்டி. அச்சாகப் பொருந்துகிறது. பத்மா அம்மாவை இங்கே வேலைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன் என்று சொல்லுங்கள்.

இனி விஷயம். ஹவில்தாரை இதுவரை பின்னறையில் வைத்திருந்தேன். அங்கே ஏசி ஓடும், வெளிச்சத்தம் வராது. நேற்று ஏசி கோளாறு. முன்னறையில் கதவைத் திறந்துவைத்துப் படுக்கவிட்டேன். வேறொரு நாய்க்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனி சங்கு ஊதியது. இந்தப் பக்கம் எங்களுக்கு அது காதிலேயே விழாது, அவ்வளவு பழக்கம். பின்னால் நகம் கீறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

ஹவில்தார் எழுந்துகொண்டிருந்தான். வண்டி இல்லை, வயிற்றுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் துண்டு இல்லை, யாரும் பிடிக்கவில்லை. இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுகிறது, பாதம் மடிகிறது, அவனே உதறி நேராக வைக்கிறான். வாசலைப் பார்த்து நின்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தான், தெருவைப் பார்த்தபடியே.

இன்று கதவைத் திறந்துவைத்தேன். சங்கு ஊதியது. மறுபடி எழுந்தான். வாசல்படி வரைக்கும் போனான்.

உங்களை வெளியே அனுப்பியது தப்பில்லை, சார். ஆனால் நான் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் வந்தால் படுத்துக்கொள்கிறான். நீங்கள் வருவீர்கள் என்றால் எழுந்து நிற்கிறான். இத்தனை நாள் பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

இனி அவன் பயிற்சி எல்லாம் சங்கு நேரத்தில்தான். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். வராமல் இருங்கள்.

இஃபத்

*

ஆவடி
11.7.2025

டாக்டரம்மா,

பத்மா சத்தமாகப் படித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை, நான் வாங்கிப் படித்தேன். என்னாலும் முடியவில்லை. கீழே குணசேகரன் தூக்குக்காகக் காத்திருந்தவன் மேலே வந்து, "இன்னா ஆச்சு, ரெண்டு பேரும் இப்டி அழுதுகினு கீறீங்க" என்று பயந்துபோய் அவனே வாங்கிப் படித்தான். படித்துவிட்டு அவனும் மூக்கை உறிஞ்சினான்.

நேற்றிலிருந்து கேட் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். சங்கு ஊதியதும் அவன் நிற்கிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். அங்கே அவனும் எழுந்து நிற்கிறான் அல்லவா.

வராமல் இருக்கிறேன். ஃபேக்டரியில் இதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. செய்கிறேன்.

சிவராமன்

*

மேனாம்பேடு
18.9.2025

சிவராமன் சார்,

இரண்டு மாதமாக நானும் சுருக்கமாகத்தான் எழுதினேன், நீங்களும் சண்டை போடவில்லை. எனக்கே போரடித்தது. இப்போது நீளமாக எழுதுகிறேன்.

ஹவில்தாரை அனுப்புகிறேன்.

அவன் நடை அழகாக இருக்காது. குடித்தவர் வீடு திரும்புவதுபோல இருக்கும். இடுப்பு ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். பழைய வரிசை நடையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வண்டி இல்லாமல், சொந்தக் காலில். இங்கே வந்த எந்த நாயும் இவ்வளவு அடம்பிடித்து எழுந்ததை நான் பார்த்ததில்லை. வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவன் வீடியோவைப் போட்டேன். கைதட்டினார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

சனிக்கிழமை சங்கு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பத்மா அம்மா அவனை குணசேகரன் ஆட்டோவில் கூட்டி வருவார். கேட்டுக்கு வெளியே இறக்கிவிடுவார். நீங்கள் உள்ளே நில்லுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கூப்பிடக்கூடாது. "ஐயோ கண்ணா" கூடவே கூடாது. விழுவான். அங்கே தரை வேறு, நிச்சயம் விழுவான். உங்களைப் பார்ப்பான். அன்று தொட்டியில் பார்த்த அதே பார்வை. நீங்கள் தூக்கினால் இத்தனை மாத வேலையும் போச்சு. அவன் எழுவான். எழுகிறவன்தான் என்று உங்களைவிட எனக்குத் தெரியும்.

மாடிப்படியில் மட்டும் தூக்கலாம். அதுவும் அவன் சம்மதித்தால்.

நான் வரமாட்டேன். என் கையில் துண்டு இருக்கும் என்று அவனுக்குப் பழகிவிட்டது, என்னைப் பார்த்தால் என் பக்கம் சாய்வான். உங்களுக்குப் போட்ட சட்டம் எனக்கும்தான். சனிக்கிழமை சங்கு ஊதும்போது நான் இங்கே வாசலில் நிற்பேன். உடனே எழுதுங்கள்.

இஃபத்

*

ஆவடி
20.9.2025, சனி

டாக்டரம்மா,

நீங்கள் சொன்னபடி உடனே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேக்டரிக்கு லீவு போட்டேன், எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. குணசேகரன் சொல்லிவிட்டான். நான் இறங்கி வரும்போது எல்லா பால்கனியிலும் ஆள். உதயகுமார் கீழேயே வந்து நின்றான். எனக்கு அவமானத்துக்கு பயமில்லை என்று எழுத ஆசைதான். இருந்தது.

ஆட்டோ வந்தது. பத்மா அவனை இறக்கினாள். மெலிந்திருக்கிறான், முடி பளபளவென்று இருக்கிறது. தரையை மோந்தான். அப்போது சங்கு ஊதியது. தலையைத் தூக்கினான், என்னைப் பார்த்துவிட்டான்.

ஓடிவந்தான். நீங்கள் எழுதிய நடைதான், இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். வால் மட்டும் நேராக. கேட்டுக்குள் நுழைந்ததும் அந்த வேகத்தடை இருக்கிறதே, அதில் கால் மடங்கி ஒருக்களித்து விழுந்தான். மாடியிலிருந்து பெண்கள் எல்லாம் கத்தினார்கள். "தூக்குங்க சார், தூக்குங்க" என்று உதயகுமார் ஓடிவந்தான். "தொடாத" என்றேன். நான் அவனிடம் அப்படிக் கத்தியதே இல்லை, நின்றுவிட்டான்.

ஹவில்தார் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். முனகினான். டாக்டரம்மா, ஆபரேஷன் அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மணிக்கட்டில் நகம் பட்ட தடம் இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கிவிடுவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நகம் கீறுகிற சத்தம் கேட்டது. நீங்கள் எழுதிய அதே சத்தம். நான் திரும்பவில்லை. யாரோ மேலே "எழுந்துட்டான், எழுந்துட்டான்" என்றார்கள். அப்புறம் என் காலில் ஈரமான மூக்கு பட்டது.

குனிந்தேன். கட்டிக்கொள்ளத்தான் குனிந்தேன். ஆனால் என் கை பழக்கத்தில் அவன் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. உறுமினான். என்னைப் பார்த்து உறுமினான், டாக்டரம்மா. குட்டியிலிருந்து ஒருமுறைகூட என்னிடம் பல்லைக் காட்டாதவன். நான் கையை எடுத்ததும் வாலை ஆட்டி, எனக்கு முன்னால் போனான். பழையபடி அவன் முன்னால், நான் பின்னால். உதயகுமார் சல்யூட் வைத்தான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே வைத்தான்.

மாடிப்படிக்கு வந்ததும் நின்றான். முதல் படியில் முன்கால்களை வைத்துப் பார்த்தான். பின்கால் வரவில்லை. நான் நீங்கள் சொன்னபடி காத்திருந்தேன். அவனாகத் திரும்பி என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தான். சம்மதம். அப்போதுதான் தூக்கினேன். இப்போது ரப்பர் பாயில் படுத்துத் தூங்குகிறான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பத்மாவும் நானும் உங்கள் அத்தா கடைக்கு வருகிறோம். குக்கர் வேண்டாம். அவர் தன் மகளைப் பற்றிச் சொல்வதைக் கேட்கவேண்டும். பிறகு என் முறை. என் பையன் என்னைப் பார்த்து உறுமினான் என்று அவரிடம் சொல்லவேண்டும். குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன், ஆசை தீரவில்லை.

ஆ. சிவராமன்